சங்கு ஊதாத ஞாயிற்றுக்கிழமை

கிண். கிண்கிண்கிண். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு இன்னொரு எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிற சத்தம். கொலுசுச் சத்தத்துக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் கேட்ட மாத்திரத்தில் நான் இருந்த இடத்தில் இருக்கமாட்டேன்.

ஐயப்பன்தாங்கலில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். கீழே சாலையில் மெட்ரோ ரயிலுக்கு ஏதோ ஒரு எந்திரம் பூமியைக் குடைந்துகொண்டிருக்கிறது. அலமாரி மேல் நான் அடுக்கி வைத்திருக்கும் மூன்று டம்ளர்களும் அதற்குத் தாளம் போடுகின்றன. போன வாரம் அப்படித்தான் போட்டன. செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே மகள் சொன்னாள்: "அம்மா, அது மெட்ரோ வேலைமா. வெளிய வா."

அதற்குள் நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பாதி போயிருந்தேன். மூளை யோசித்து முடிப்பதற்குள் முழங்கால் மடங்கிவிடுகிறது. என் முழங்காலுக்கு அதைப் பழக்கியவள் அத்தை.

அப்போது ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் அப்பாவின் அக்கா வடக்கிலிருந்து வந்து இறங்கினாள். மாமாவுக்கு அங்கே வேலை. அந்த ஊரில் பூமி ஆடி, அவர்கள் குடியிருந்த வீடு விழுந்துவிட்டது. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். வேறொரு வீடு கிடைத்ததும் மாமா வந்து அழைத்துப்போவார் என்று ஏற்பாடு. அத்தையிடம் ஒரு துணிப்பையும், வயிறு நசுங்கிய ஒரு டம்ளரும் இருந்தன. விழுந்த வீட்டிலிருந்து ஒருத்தி காப்பாற்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களில் ஒரு டம்ளர் எப்படி முதலிடம் பிடித்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

முதல் இரண்டு நாள் அத்தை மாடி ஏறவே இல்லை. மைதானத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். காப்பி, சோறு எல்லாம் அம்மா கீழே கொண்டுபோனாள். மூன்றாம் நாள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு தூணையும் கையால் தட்டிக் காட்டினார். "மிலிட்டரிக்காரன் கட்டினதுக்கா. குண்டு போட்டாலும் அசையாது." குண்டு போடுகிறவர்களைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்று சொல்லிவிட்டு அத்தை மேலே வந்தாள். வந்தும், வாசற்கதவைச் சாத்த விடவில்லை. கதவோரமாகவே உட்கார்ந்தாள், கதவோரமாகவே சாப்பிட்டாள்.

அந்த வாரமே மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. வீடு கிடைத்துவிட்டது, மூன்றாவது மாடி, மாதக் கடைசியில் வருகிறேன். அப்பா அதைச் சத்தமாகப் படித்தார். மூன்றாவது மாடி என்ற இடத்தில் அத்தையின் கை புடவை முந்தானையைப் பிடித்தது. மாதக் கடைசிக்குள் அவள் ஒரு கூரைக்குக் கீழே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப் பழகியாக வேண்டும். இல்லாவிட்டால் மாமா தனியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கும். அது எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை அத்தை வேலையைத் தொடங்கினாள். முதலில் பீரோ. தேங்காய்நாரில் முறுக்கிய கயிற்றால் அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு பரணில் இருந்த பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, உரலின் குழவி எல்லாம் தரைக்கு இறங்கின. கட்டில்கள் ஜன்னலை விட்டு நகர்ந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒரு ஜோடி செருப்பு. வாசலருகே ஒரு பை: தண்ணீர், பிஸ்கட், டார்ச் லைட், பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு. கடைசியாகப் பீரோவின் தலையில் மூன்று டம்ளர்கள், நிமிர்த்தி ஒன்று, கவிழ்த்து ஒன்று, அதன்மேல் நசுங்கியது. பூமி மூச்சு விட்டால்கூட அவை முதலில் சொல்லிவிடும் என்றாள்.

அண்டாவில் கால் இடித்துக்கொண்டு அம்மா முனகினாள். "சாமான் எதுவும் நம்ம மேல விழாது அண்ணி. நாமதான் சாமான் மேல விழுவோம்."

கீழ்வீட்டு ஃபிட்டர் மேலே ஏறிவந்தார். சாமான் இறக்குகிற சத்தத்தில் அவர் வீட்டுச் சுண்ணாம்பு உதிர்கிறதாம். வந்தவர் பீரோவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, பீரோவக் கட்டிப் போட்டுகீறே? அது இன்னா பசுமாடா? அவுத்து உட்டா மேயப் போயிடுமா?"

அத்தை சிரிக்கவில்லை. "உங்க வீட்டுப் பீரோவும் கட்டுங்க தம்பி. கயிறு மிச்சம் இருக்கு."

"அய்ய, வாயால சொன்னா வந்துடும்கா. இந்த ஊருக்கு அதெல்லாம் வராது. தண்ணியே ஒய்ங்கா வர்றதில்ல, பூகம்பம் எங்க வரப்போவுது?" என்றவர், போகும்போது என்னோடு விளையாடிக்கொண்டிருந்த தன் நாலு வயதுப் பையனையும் தூக்கிக்கொண்டு போனார். இந்த விளையாட்டில் அவனைச் சேர்க்கக் கூடாது என்று எனக்கு எச்சரிக்கை வேறு.

விளையாட்டு என்றது எங்கள் ஒத்திகையை. குவார்ட்டர்ஸில் நாள் என்பது சங்குதான். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், ஊதினால் டிபன் காரியர் மூடுவார்கள், ஊதினால் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். யாரும் கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. ஆகவே அத்தையும் சங்கைப் பிடித்துக்கொண்டாள். மதியச் சங்கு ஊதியதும் அம்மாவும் நானும் மேசைக்கு அடியில் போய்விட வேண்டும். எந்திரம் வந்த மரப்பெட்டியின் பலகைகளை வாங்கி அப்பா அடித்த மேசை அது. யானை ஏறினாலும் தாங்கும். பெட்டியில் மேல்பக்கத்தைக் காட்டுவதற்காக அச்சடித்த அம்புக்குறி, மேசையான பிறகு தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. அடியில் குந்தி உட்கார்ந்து நான் தினமும் அதைத்தான் பார்ப்பேன்.

அத்தை உள்ளே வரமாட்டாள். பக்கத்தில் மண்டியிட்டுத் திருத்தங்கள் சொல்வாள். "தலையைக் குனி. ஒரு கையால பிடரியை மூடு. இன்னொரு கையால மேசைக்காலைப் பிடி, விடாதே. மேசை எங்க நகருதோ நீயும் அங்க நகரு. ஆட்டம் நின்னப்புறம்தான் வெளிய, புரியுதா? நடுவுல எழுந்து ஓடக் கூடாது." கடைசியாக, தவறாமல்: "கொஞ்சம் தள்ளி உட்காரு."

பீரோ பக்கமாக எனக்கு அருகில் ஒரு ஆள் உட்காரும் இடத்தைக் காலியாக வைக்கச் சொல்வாள். அம்மா அந்தப் பக்கம் நெருக்க, நான் காலை மடக்கிக்கொண்டு தவிப்பேன். காலி இடத்தை அத்தை கையால் ஒரு தடவை தடவிப் பார்த்த பிறகுதான் எங்களை விடுவாள். இடம் அவளுக்குத்தான் போலிருக்கிறது, ஆனால் வெட்கம், என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நாலைந்து நாளில் அதிசயம் நடந்தது. சங்கு ஊதி முடிந்ததும் அத்தையே போய் வாசற்கதவைச் சாத்தினாள். அடுத்த நாள் சமையலறைக்குள் போய் உட்கார்ந்து அம்மாவுக்கு வெங்காயம் உரித்தாள். அப்பா அம்மாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

மாதக் கடைசி ஞாயிறு மாமா வந்தார். மேசையில் அவருக்கு இலை போட்டிருந்தது. பேசாமல் சாப்பிடுகிற மனிதர். அப்பா ஆட்டோவுக்குச் சொல்லிவைக்கக் கீழே போயிருந்தார். கீழ்வீட்டுப் பையன், எங்கள் வீட்டுக்குள் உருண்டு வந்த தன் பந்தைத் தேடி பீரோவுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

கிண்கிண்கிண்.

ரசத்தில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. தரை, தண்டவாளத்தில் தூரத்து ரயில் வருவதுபோல, உள்ளங்காலில் பேசியது. எனக்கு எல்லாம் தெரியும். பிடரி, மேசைக்கால், தலைகுனிவு எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் நான் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன். அம்மா கரண்டியோடு நின்றாள். அவளும் ஜன்னலைத்தான் பார்த்தாள். இரண்டு பேரும் சங்குக்காகக் காத்திருந்தோம்.

"ஞாயித்துக்கிழமை, சங்கு ஊதாதே!" என்று நான் சொன்னதாக அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

நசுங்கிய டம்ளர் விழுந்தது. வாசற்கதவு அத்தைக்கு இரண்டு எட்டுதான், திறந்தும் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கழுத்தைப் பிடித்து மேசைக்கு அடியில் தள்ளினாள். அம்மாவைத் தள்ளினாள். மாமாவை எச்சில் கையோடு இழுத்துக் குனிய வைத்தாள். பிறகு பீரோவுக்குப் போய், பையனின் காலைப் பிடித்து வெளியே இழுத்து, என் பக்கத்துக் காலி இடத்தில் திணித்தாள். அவளுடைய பாதி உடம்பு வெளியிலேயே இருந்தது. பீரோ கதவு கடகடவென்று அடித்துக்கொண்டது. கயிறு விறைத்தது. பீரோ நின்றது.

எல்லாம் அரை நிமிடம் இருக்குமா? தெரியாது. நின்றதும் செருப்பு, பை, படிக்கட்டு என்று அத்தை சொன்ன வரிசையில் இறங்கினோம்.

மைதானம் முழுக்க ஜனம். நடுவில் ஃபிட்டர், லுங்கியும் வெறும் மார்புமாக, கையில் மீன் குழம்புச் சட்டியோடு நின்றார். அவர் மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "புள்ள எங்கய்யா? கொயம்புச் சட்டியத் தூக்கினு வந்துகீறியே, புள்ள எங்க?" அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அத்தை பையனைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தாள். சுற்றிலும் சிரிப்பு வெடித்தது. "இன்னா மாமே, மீனக் காப்பாத்திட்டே!" என்று யாரோ கத்தினார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஃபிட்டரின் விரல்களை ஒவ்வொன்றாக நீக்கிச் சட்டியை வாங்கித் தரையில் வைத்தாள்.

"பரவாயில்ல தம்பி. கையில எது இருந்துச்சோ, அதோடதான் ஓடுவோம்" என்றாள். அவர் குழந்தை மாதிரி அழுதார். மீன் குழம்புக்காக ஒரு பெரிய மனிதர் இப்படி அழுவாரா என்று நான் நினைத்தேன்.

வடக்கே அத்தை குடியிருந்த ஊரில் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, என் வயது, தினமும் அத்தையிடம் தலை பின்னிக்கொள்ள வருவாள். வீடு விழுந்த அன்றும் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சிறுமி பின்னாலேயே வருகிறாள் என்று நம்பித்தான் ஓடினாள். வெளியே வந்து பார்த்தபோது கையில் டம்ளர் மட்டும் இருந்தது. இதை அம்மா எனக்குச் சொன்னபோது என் மகளுக்கே தலை பின்னும் வயது.

அந்த ஞாயிறு சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை மூன்றாவது மாடிக்குப் போகச் சம்மதித்துவிட்டாள் என்பதுதான். மாமா பையை ஆட்டோவில் வைத்தார். அத்தை ஏறி உட்கார்ந்து, நசுங்கிய டம்ளரை என் கையில் கொடுத்தாள். எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"கீழ்வீட்டுப் பையன் வருவான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா அத்தை? அதுக்குத்தான் இடம் விடச் சொன்னியா?"

அத்தை என் பின்னலைப் பிடித்து முனையில் அவிழ்ந்திருந்த ரிப்பனை முடிச்சுப் போட்டாள். வண்டி கிளம்பிவிட்டது.

"எப்பவும் கொஞ்சம் தள்ளியே உட்காரு கண்ணு" என்றாள். "யாராவது வந்தா இடம் வேணும்ல."