ராசா உடுப்பில் நின்ற திரேசம்மா அக்கா

திரேசம்மா அக்கா போய்விட்டார்.

காலையில் வங்காலையில் இருந்து அவருடைய மகன் போன் எடுத்தான். "மாமா... அம்மா விடியக் கண் மூடிட்டா." 

நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் டைப் பண்ணுகிறாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பதினெட்டு வயது. எருக்கலம்பிட்டியில் எங்கள் வீடு, மன்னார் டவுனில் வாப்பாவின் புடவைக்கடை. என் கையில் மட்டும் ஒரு பாக்ஸ் கமெரா.

வங்காலை வேதக்கோயில் திருநாளுக்குப் பல ஊர்க் கூத்துக்காரர் வருவார்கள். விடிய விடிய ஆடுவார்கள். நான் போவது காலையில்தான். வெயில் இல்லாமல் என் கமெராவில் படம் விழாது.

கோயில் வளவு முழுக்க நித்திரை கொள்ளும் ராசாக்கள்... மீசை பாதி அழிந்த மந்திரிமார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிளேன்டீ குடிக்கும் ராணிகள். ராணிகள் எல்லாரும் ஆம்பிளைகள்தான். பெண்கள் மேடை ஏறுவது அந்தக் காலத்தில் இல்லை.

எல்லோருக்கும் வேசத்தோடு ஒரு படம் வேண்டும். "தம்பி, வாள் தெரியுதோ?" என்று கேட்டு நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

திரேசம்மா அக்கா கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மகள். அந்த உடுப்புகளுக்கு மணியும் கண்ணாடியும் வைத்துத் தைத்தவர் அவர்தான். அன்றைக்கு அவற்றைத் திருப்பி எடுத்துப்போக வந்திருந்தார்.

"தம்பி, பிலிம் மிச்சம் கிடக்கோ?"

"ஒரு படத்துக்குக் கிடக்கு அக்கா."

"அப்ப கொஞ்சம் நில்லும்."

உடுப்புக் கொட்டிலுக்குள் போனார். வெளியே வந்தது ஒரு ராசா. கரியால் மீசை. இடுப்பில் வாள். இரவு ராசாவாக ஆடிய தன் அண்ணனின் மகுடம்.

வந்து நின்று, மெல்லிய குரலில், ராசா மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டை எடுத்தார் பாருங்கள்... நான் கமெராவை மறந்துவிட்டேன்.

"எடும் தம்பி, ஆக்கள் வருகினம்!"

எடுத்தேன். கொழும்புக்கு அனுப்பிக் கழுவி வந்ததும் அவருடைய கையில் கொடுத்தேன். அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார். தாய் கண்டுவிட்டார்.

வீடு இரண்டுபட்டது. அண்ணாவியார் மகளோடு கதைப்பதை நிறுத்தினார். அக்காவுக்கு விடத்தல்தீவில் கல்யாணம் பேசியிருந்தது. கதை அங்கேயும் போய்விட்டது. ஆம்பிளை உடுப்புப் போட்டுப் படத்துக்கு நின்ற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பினார்.

ஒரு நாள் வாப்பாவின் கடை வாசலில் தோள் அகன்ற ஒருவர். "நான் ராயப்பு. விடத்தல்தீவு. திரேசம்மாவைப் படம் எடுத்தது நீரோ?"

அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். "ஓம்" என்றேன்.

"இன்னொரு பிரதி இருந்தா எடுத்துக்கொண்டு வாரும். வங்காலைக்குப் போவம்."

பஸ்ஸில் முழு வழியும் என்னிடம் இருந்த பிரதியை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்; இறங்கும்போதுதான் திருப்பித் தந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அண்ணாவியார் முற்றத்தில் மத்தளத்துக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்தார். "இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். ராயப்பு இருக்கவில்லை, நின்றுகொண்டே கதைத்தார்.

"மாமா, எங்கட ஊர்க் கூத்திலை ராணி வேசம் கட்டுறது ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீர்தான். நல்லாத்தான் ஆடுறீர்."

"சேலை உடுத்து, கொண்டை வைச்சு, பூவும் வைச்சு ஆடுறன். போன வருசம் நீங்களே வந்து மாலை போட்டனீங்கள். எனக்கு ஒரு குறையும் வரேல்லை. அவ ஒரு நிமிசம் மகுடம் வைச்சா அது மட்டும் குறையோ?"

"உங்கட அம்மா வேண்டாமெண்டவவெல்லோ?"

"அம்மாவோடை நான் கதைச்சிட்டன். அவவை நான் பாத்துக்கொள்ளுவன். இப்ப நீங்கள் சொல்லுங்கோ."

அண்ணாவியாரின் கை மத்தள வாரிலேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். படத்தைக் கொடுத்தேன். அதுவரை அவர் அதைப் பார்த்திருக்கவேயில்லை... கேள்விப்பட்டதோடு சரி.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"மகுடம் சரிஞ்சு கிடக்கு" என்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாக, "எடியே, வரவுப் பாட்டு முழுக்கத் தெரியுமோ உனக்கு?"

குசினிக்குள் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு குசினிக்குள் இருந்து பாட்டு வந்தது. முதல் அடி நடுங்கியது. மூன்றாவது அடியில் அண்ணாவியாரின் விரல் தானாக மத்தளத்தில் விழுந்தது.

ராயப்பு அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

அவர்களுடைய கல்யாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன். அக்கா கடைசிவரை ஒரு மேடையும் ஏறவில்லை. மகள்மாரை ஏற்றினார்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி, நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது என் பிலிம் பெட்டிகள் எல்லாம் வீட்டோடு போயின. புத்தளத்தில் அகதியாக இருந்த முதல் வருசம் எங்களைத் தேடிக்கொண்டு ராயப்பு அண்ணன் வந்தார். ஒரு உரப்பை நிறையக் கருவாடு. "திரேசம்மா தந்துவிட்டவ" என்றார்.  எங்களோடு பாயில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அவரும் போய்ப் பல வருசம்.

அக்கா ஒவ்வொரு பெருநாளைக்கும் போன் எடுப்பார். இந்த முறை குரல் நன்றாக மெலிந்திருந்தது.

"தம்பி, மூட்டு வலி எப்பிடி?"

"கிடக்குதக்கா."

"எனக்கும் கிடக்குது. வைக்கிறன் என்ன?"

அவ்வளவுதான் கதைத்தோம்.

இன்று பின்னேரம் அடக்கம். புத்தளத்தில் இருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க என்னால் முடியாது. என் மகன் போயிருக்கிறான்.

அஸர் தொழுதுவிட்டு, நானும் இங்கே கொஞ்ச நேரம் சும்மா இருக்கப்போகிறேன்.

போயிட்டு வாங்கோ அக்கா.