வீப்பிலும் என் கத்தரிக்கோலும்

உடுப்புத் திருத்தும் தொழிலில் கிடந்து மாரடிக்கிற உங்களுக்குத் தெரியும், எங்கள் கண் ஆளைப் பார்ப்பதற்கு முன் ஆளின் தையலைத்தான் பார்க்கும். பிரெஞ்சு பேசும் வில்லரேப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த வருடம் அந்தக் கண்ணாலேயே மானம் கப்பலேறியது.

உட்பக்கம் வெளியே

ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கும் லூசியா, குவாத்தமாலாவின் மாயன் பெண், மகளின் ஜாக்கெட்டுக்கு சிப் மாற்ற வந்தாள். அவள் போட்டிருந்தது வீப்பில். அவர்கள் கையால் நெய்யும் அகலமான சட்டை. நூல் முடிச்செல்லாம் வெளியே தெரிந்தது. கடையில் நாலு பேர் நிற்க, சட்டையை மாறிப் போட்டிருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் உரக்கச் சொன்னேன். பெரிய உதவி செய்த நினைப்பு எனக்கு. அவள் ஓரத்தைத் திருப்பி, உள்ளே சிவப்பு வைரக் கட்டங்களையும் ஏறி இறங்கும் கோடுகளையும் காட்டினாள். "வேலைநாளில் எங்கள் ஊரில் இப்படித்தான் போடுவோம். நல்ல பக்கம் வெளுக்கக் கூடாது, அது ஞாயிற்றுக்கிழமைக்கு" என்றாள். வீட்டுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையை வாங்கிய நாளிலிருந்து கழற்றாத எனக்காவது இது விளங்கியிருக்க வேண்டும்.

பிசிறில்லாத வேலை

பிறகு புது வீப்பில் ஒன்றோடு வந்தாள். மகளின் பள்ளிக்கூட விழாவுக்காகப் பனிக்காலம் முழுக்க இருந்து நெய்ததாம். மகளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கொஞ்சம் பிடித்துத் தரச் சொன்னாள். முதல் வெட்கத்தைக் கழுவ நினைத்து, இரண்டு பக்கமும் வெட்டி, விளிம்பை அரிந்துகொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷினில் அடித்து, அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். லூசியா பாதியில் அறுந்து நின்ற கட்டங்களைத் தடவினாள். நெய்த துணியை நாங்கள் வெட்டுவதில்லை, பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதும் இதையேதான் போடுவோம் என்று மெதுவாகச் சொன்னாள். வெட்டிய துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். என்னோடு வேலை செய்யும் ராணி அக்கா தலை நிமிராமலே கேட்டார்: "எங்கட ஆக்களின்ர பிளவுசுக்கெண்டா, உடம்பு வைப்பினம் எண்டு உள்ளுக்கு ரெண்டு விரல் துணி விடுவீர். இதுக்கு ஏனப்பா விடேல்லை?"

விழாவுக்குப் பிறகு

அந்தக் கிழமை முழுக்க கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் தையலை விட்டு நிமிர்ந்து பார்த்தேன். விழா முடிந்து லூசியா வந்தாள், போனில் படத்தோடு. வெட்டிய துண்டுகளைத் தடித்த மஞ்சள் நூலால் தானே திரும்பப் பொருத்தியிருந்தாள். ஓவர்லாக் தின்ற துணி தின்றதுதான்; கட்டங்கள் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. மகள் அதைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பாதியில் பிரெஞ்சும் கைவிட்டது. லூசியா என் கையைப் பிடித்தாள். "இங்கே இருக்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் யார் வெட்டியது என்று கேட்டார்கள். உங்கள் கடைப் பெயரை நான் சொல்லவில்லை. பாவம், நீங்களும் பிழைக்க வேண்டும்தானே."

வாயை மூட வேண்டிய இடத்தில் அதைத் திறந்து, வாயைத் திறந்து கேட்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோலைத் திறந்தவள் என்பதைத் தவிர, என் தொழில் திறமையில் வேறு குறை எதுவும் இல்லை.