எலி கடிக்காத ஒயர்

கோவளத்து மெக்கானிக் நூர்முகமதுவின் பட்டறைக்கு சுப்ரஜா டீச்சரின் பழைய கார் மறுபடி வந்தது. டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறு விளக்கு திரும்பவும் எரிந்தது. போன மாதம், புகையைக் கண்காணிக்கும் சென்சாரின் ஒயர் அறுந்திருந்ததை பானட்டைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிகீது டீச்சர்" என்று ஒட்டுப்போட்டு அனுப்பியிருந்தார்.

"நீங்க சொன்னதும் ஷெட்டுல மருந்து வெச்சேன் பாய். எலி எதுவும் சாகல. எங்க பூனைதான் தின்னுட்டு செத்துப்போச்சு" என்றார் டீச்சர்.

நூர்முகமது காருக்கு அடியில் படுத்தார். ஒயர் சைலன்சர் குழாயில் பட்டு உருகியிருந்தது. ஒயரைக் குழாயில் படாமல் தூக்கிப் பிடிக்கும் கிளிப்பைக் காணோம். போன வருஷம் கிளட்ச் மாற்றும்போது அதைக் கழற்றியவர் அவரேதான், திரும்ப மாட்டவில்லை.

எலி என்றே சாதித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரால் முடியவில்லை.

"எலி இல்ல டீச்சர், என் தப்பு. நான் கிளிப்பு மாட்டாம வுட்டதால ஒயர் சூட்டுல உருகிப்போச்சு. அன்னிக்கு அடியில பார்க்காமயே வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

டீச்சர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தார். "'பூனையை ஏன்டி வெளிய விட்டே'ன்னு ஒரு மாசமா என் பொண்ணைத் திட்டிட்டிருக்கேன் பாய்."

ஒயரை மாற்றி கிளிப் போட்டதும் விளக்கு அணைந்தது. சாவியைக் கொடுத்தபோது நூர்முகமதுவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பாப்பாகிட்ட நானே வந்து சொல்றேன் டீச்சர்" என்றார். அன்று சாயங்காலமே போனார்.