தலைக்கட்டில் சேராத வீடுகள்

காலை ஒன்பது மணிக்குத் தூத்துக்குடியில் வேம்பார் பஸ் ஏறினேன். வழிநெடுக உப்பளமும் உடைமரமும். வேம்பாருக்குச் சற்று முன்பே இறங்கினேன். கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் யார் யார் வாழ்கிறார்கள் என்று எழுத ஆசை. வேறு உள்நோக்கம் இல்லை. அதை நம்பத்தான் அங்கே ஆள் இல்லை.

டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்கார அண்ணாச்சியிடம், ஊரில் எத்தனை வீடு என்று கேட்டேன். டீ ஆற்றிய கை நின்றது.

"எதுக்கு கேக்கிய? கம்பெனிக்கு எடம் பாக்க வந்தியளோ?"

பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று விளக்கி, இரண்டாவது டீயையும் குடித்த பிறகே வாய் திறந்தார்.

"அம்மன் கோயில் வரி நூத்திப் பத்து தலக்கட்டு. கெழக்க மாதா கோயில் வரி எம்பது. அம்புட்டுதான் ஊரு."

தலைக்கட்டு என்றால் கோயில் விழாவுக்கு வரி கொடுக்கும் குடும்பம். இந்தப் பக்கம் ஊரைக் கணக்கிடுவது அப்படித்தான். மாதா கோயில் வாசலில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரும் அதே கணக்கை அப்படியே ஒப்பித்தார். இரண்டு கோயில்காரர்களும் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனால் எனக்குச் சந்தேகம் வரும். வந்தது.

நண்பகலில் மேற்கே நடந்தேன். ஒரு கிலோமீட்டர் தள்ளி, உப்பளத்தை ஒட்டி வரிசையாக வீடுகள். கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்தன. அண்ணாச்சி சொன்ன ஊரில் இவை இல்லை. குடத்தோடு வந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் நின்றார். உப்பு வாரும் வேலை செய்பவர். பெயர் செல்வி என்பதைச் சொல்லவே வெகுநேரம் பிடித்தது.

"நீங்களும் அளக்க வந்தவியளா? புதுத் தண்ணிக் கொழாய்க்கு வந்தவிய அண்ணாச்சிகிட்டதான் தலக்கட்டு கேட்டாவ. எங்கள விட்டுட்டாவ. இன்னைக்கும் அவிய தெருக் கொழாயிலதான் எடுக்கோம். அதுவும் அவிய எல்லாரும் புடிச்ச பொறவு."

"வரி கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களே?"

"வரி பிரிக்கது அண்ணாச்சிதான். வருசா வருசம் கொண்டுபோயி நீட்டுதோம். வாங்க மாட்டங்காவ சார்."

தருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் கண்டதில்லை. மூன்று மணிக்குத் திரும்பிவந்து அண்ணாச்சியையே கேட்டேன்.

"அவிய பொழைக்க வந்தவியல்லா?"

"எப்போது வந்தார்கள்?"

"எங்க அப்பா காலத்துல." கண்ணாடிக் கிளாசைத் துடைத்தார். "வரிய வாங்கிட்டா ஊராளு ஆயிருவாவ. பொறவு சாமி முன்னால நமக்குச் சரியா வந்து நிப்பாவ. ஒங்களுக்குத் தெரியாததா?"

என்னையும் தன்னோடு சேர்த்துக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. சத்தம் போட்டேன். ஊரின் பெயரைப் போட்டு மானத்தை வாங்கிவிடுவேன் என்றேன். அவர் சிரித்தார்.

பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் என் சத்தம் மேற்கே எட்டியிருக்க வேண்டும். செல்வி மூச்சிரைக்க ஓடிவந்து, கடையிலிருந்து தெரியாதபடி ஒரு மரத்தின் மறைவில் நின்றார்.

"ஊரு பேர எழுதிராதிய சார். எழுதுனா அந்தக் கொழாயிலயும் எங்கள அண்ட விடமாட்டாவ."

எழுதவில்லை. நீங்களும் தேடிக்கொண்டு போக வேண்டாம். உங்கள் ஊரில் யாரிடம் வரி வாங்குவதில்லை என்று கேட்டுப் பாருங்கள்.