சென்னிமலை அறுத்த படி

சாயப்பட்டறைத் தொட்டிகளுக்கு வெல்டிங் வைத்துப் பழகிய சென்னிமலை, இப்போது பல்லடம் சாலையில் பிக்கப் வண்டிகளைக் காடுமேடு ஏறும்படி மாற்றித் தருகிறான். கெட்டிக்காரன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பனியன் கம்பெனி குமாரவேல், உடுமலைப்பக்கத் தோப்புக்குப் போகத் தன் வண்டியை உயர்த்தித் தரச் சொன்னார். சென்னிமலை உயர்த்தியதோடு, ஏறுவதற்கு இருந்த பக்கப்படியையும் அறுக்கப் போனான்.

“படி இருக்கட்டுங்களே,” என்றார் குமாரவேல்.

“பாறையில இடிக்குமுங்க. படி வேணும்னா டவுன் பஸ்ஸுல போங்க,” என்று அறுத்தெறிந்தான்.

வண்டி எடுக்கும் நாளில் குமாரவேல் தன் தாயார் மருதம்மாளை அழைத்து வந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்ட மருதம்மாள், கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை.

“வண்டியில குறையில்ல கண்ணு. என்ற காலுதான் ஏற மாட்டீங்குது,” என்று சென்னிமலைக்கே சமாதானம் சொன்னார்.

அவனுக்குக் கூசிப்போயிற்று. தான் உட்கார்ந்து வெல்டிங் வைக்கும் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அவர் ஏறி அமர்ந்ததும் அதை எடுக்கக் குனிந்தான்.

“அது இருக்கட்டுங்க,” என்றார் குமாரவேல் மெதுவாக. “தோப்புல அம்மா எறங்கோணுமல்லங்க.”

சென்னிமலை யார் முகத்தையும் பாராமல் ஸ்டூலைத் தூக்கி வண்டியின் பின்பக்கம் வைத்தான். அந்த உயரத்துக்கு அவனே எக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.