நைலான் கயிற்றுக்கு ஒரு பல்

ரங்கூனின் பசுந்தாங் தெருக்களில் எல்லோரும் குழிக்கும் சாக்கடைக்கும் பயந்து தரையைப் பார்த்து நடக்கும்போது ஆன்மேரி மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நடப்பார். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் மணியடித்துப் பார்த்துவிட்டுத் தாங்களே ஒதுங்கிப் போவார்கள். ஏதாவது ஒரு கட்டடத்தின் முன் நின்று, நெற்றியில் கையை வைத்து, ஐந்தாவது மாடியைப் பார்த்து பர்மியத்தில் குரல் கொடுப்பார். பால்கனிக் கம்பிக்கு மேல் ஒரு தலை தெரியும். கயிறு நைந்துவிட்டது, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்.

இங்கே லிஃப்ட் உள்ள கட்டடம் குறைவு. இருந்தாலும் மின்சாரத்தை நம்பி ஏற முடியாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். செய்தித்தாள், கீரைக்கட்டு, மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலம், வீட்டுச் சாவி எல்லாம் அதில் ஏறி இறங்கும். இலேசான சாமான்களைக் கையாலேயே இழுத்துக்கொள்ளலாம். அரிசி மூட்டைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் கப்பி வேண்டும். அந்தக் கப்பியைச் செய்வதும் மாட்டுவதும் ஆன்மேரியின் தொழில்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். மணிக்கட்டு மட்டும் ஆண்களுடையதைப் போலத் தடித்திருக்கும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, லுங்கிக்கு மேல் கணவரின் பழைய சட்டை, சட்டைப் பையில் திருப்புளி. வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நிற்காது. கயிற்றின் நீளம்தான் நிற்கும். "நாப்பதடிக்காரம்மா வீட்ல கல்யாணம்" என்பார். "அறுவதடி டாக்டருக்கு மூட்டு வலியாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் அண்ணாந்தே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பாதிரியார் ஒருநாள் அவரது பக்தியைப் பாராட்டினாராம். "விசிறிக் கொக்கி தேஞ்சிருக்கு ஃபாதர், அதத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாராம் ஆன்மேரி. அடுத்த வாரம் கொக்கி மாற்றப்பட்டது.

அவர் செய்வது பல்லுக்கப்பி. சாதாரணக் கப்பியில் கயிறு கை நழுவினால் சுமை நேராகத் தெருவில் விழும். பல்லுக்கப்பியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்புப் பல் ஒன்று உண்டு. மேலே இழுக்கும்போது அது வழி விடும். கயிறு பின்வாங்கினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இறக்க வேண்டுமென்றால் கயிற்றைச் சற்றுச் சாய்த்து இழுக்க வேண்டும், பல் விலகிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் ஆன்மேரியுடைய அப்பாவின் தாத்தா பிரான்சிஸ். சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் ரங்கூன் துறைமுகத்தில் பாரம் தூக்கும் நீராவி வின்ச்சு ஓட்டியவர்.

"அவரு ஒண்ணும் யோசிச்சுக் கண்டுபிடிக்கல. அவரு பொஞ்சாதி கேட்ட கேள்வி அது" என்பார் ஆன்மேரி. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர்க் குடத்தை இழுக்கும்போது கயிறு உள்ளங்கையைத் தோலுரித்துவிட்டது. அன்று மாலை பிரான்சிஸின் மனைவி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "ஆர்பர்ல வெள்ளக்காரன் மூட்டைக்குப் பல்லு வச்ச மிசினு இருக்குன்னு சொன்னீங்களே, எங்க குடத்துக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாராம். பிரான்சிஸ் பதிலுக்குப் பதில் கப்பி செய்தார். அவருடைய மைத்துனர் மிஷன் பள்ளியில் குமாஸ்தா. அவர் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, கல்கத்தாவிலிருந்து பேட்டண்ட் வந்தது. அந்தக் காலத்தில் அப்படி எழுதிப் போட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள் என்று ஆன்மேரி சொல்வார். கப்பல் சமையல்காரர் ஒருவர் பொங்கி வழியாத மூடிக்கு எழுதினாராம், ஒரு சலவைக்காரர் கரி சிந்தாத இஸ்திரிப் பெட்டிக்கு எழுதினாராம். அவர்களுக்குக் கிடைத்ததா என்பது அவருக்குத் தெரியாது. பிரான்சிஸின் பத்திரமும் ஜப்பான்காரன் குண்டு விழுந்த வருஷத்தில் வீட்டோடு போய்விட்டது. "காயிதம் போச்சு. சாமான் இருக்கு" என்பார்.

பிரான்சிஸின் பல் தேங்காய் நார்க் கயிற்றுக்காகச் செய்யப்பட்டது. இப்போது நார்க் கயிறு யார் வாங்குகிறார்கள்? கடை முழுக்க நைலான். நைலான் நனைந்தால் வழுக்கும், பல் பிடிக்காது. அதனால் ஆன்மேரி தன் கப்பியோடு நார்க் கயிற்றையும் சேர்த்தே விற்றுவந்தார், நைலான் போடாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். இதற்கிடையே வீட்டுப் பால்கனியில் பல ஆண்டுகளாக வேறொரு பல்லைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பல்லின் முகத்தை நேராக வெட்டாமல், கயிற்றின் முறுக்குக்கு எதிர்ச் சாய்வில் வரி வரியாக வெட்ட வேண்டும் என்பதும், தண்ணீர் வழிய நடுவில் ஒரு பள்ளம் வேண்டும் என்பதும் போன மழைக்காலத்துக்குச் சற்று முன்புதான் அவருக்குப் பிடிபட்டன. நனைந்த நைலானை அது பிடித்தது. அதுவும் ஒரே ஒரு கப்பி. வெளியே யாருக்கும் விற்கவில்லை.

மகள் ரோஸ்லின் அச்சகத்தில் வேலை செய்கிறவள். தமிழ் புரியும், பேசுவது பெரும்பாலும் பர்மியம். நாட்டில் பேட்டண்டுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று அவள்தான் விசாரித்து, அம்மாவை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனாள். படங்கள் வரைய வேண்டும், விவரம் எழுத வேண்டும், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார் வக்கீல். அதுவரை யாரிடமும் காட்டக் கூடாது, காட்டிவிட்டால் உரிமை கிடைக்காது என்றும் சொன்னார். அன்று மாலை ஆன்மேரி பால்கனிக் கப்பியின் மேல் ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு மூடினார். வீட்டுக்கு வந்தவர்கள் உள்ளே கிளி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் ரங்கூனின் இன்னொரு பகுதியான லத்தாவில் மொத்த வியாபாரம் செய்யும் ஜாபிர், பிரான்சிஸின் பழைய கப்பியை அப்படியே நகலெடுத்து வார்த்து விற்க ஆரம்பித்தார். விலை ஆன்மேரியுடையதில் பாதி. கூடவே ஒரு சுருள் நைலான் கயிறு இனாம். பசுந்தாங்கில் அதை மாட்டாத தெருவே இல்லை என்று ஆயிற்று. ஆன்மேரியின் பட்டறை ஓய்ந்தது. மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டும் கணவர் சகாயராஜின் வருமானத்தில் வீடு நடந்தது.

ஆடி மாதத்துக் கன மழை ஒன்றில், மார்க்கெட்டுக்குப் பின் தெருவில், ஐந்தாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த எண்ணெய் டின் கை நழுவியது. ஜாபிரின் கப்பிதான். நனைந்த நைலான் பல்லுக்குள் நிற்காமல் ஓடியது. கீழே பருப்புப் பராட்டா சுட்டுக்கொண்டிருந்த ஹாஜராவின் இடது தோளில் டின் விழுந்தது. ஓரடி தள்ளி விழுந்திருந்தால் தலை.

பல்லுக்கப்பி என்றாலே ஆன்மேரி என்று பழகிப்போன தெரு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் ஐந்தாவது மாடிக்கு ஏறி, அந்தக் கப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினார். தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் கூட்டத்தின் கோபம் லத்தா பக்கம் திரும்பியது. பிறகு அவர் மருத்துவமனைக்குப் போனார். ஹாஜரா கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்தார். "யாரு மேலயும் கேஸு போடப் போறதில்ல அக்கா. ஆனா இனி அந்தக் கயித்துக்குக் கீழ உக்கார முடியாது. வேற எங்க போயி உக்காருவேன்? ரங்கூன்ல கயிறு இல்லாத தெரு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சகாயராஜ் சொன்னதை ஆன்மேரியே என்னிடம் திருப்பிச் சொன்னார். "ஜாபிரு சரக்க இனிமே ஒருத்தனும் தொடமாட்டான். எல்லாம் உன்கிட்டத்தான் வரும். நீ சும்மா இரு, போதும்."

"மாட்டினதக் கழட்டுவாங்களா?" என்று கேட்டிருக்கிறார் ஆன்மேரி.

"கழட்டாம?"

"கழட்டமாட்டாங்க. இந்த வாரம் பயப்படுவாங்க. அடுத்த வாரம் அரிசி வந்தா அதுலதான் இழுப்பாங்க."

மகளுக்கு அம்மாவின் மனம் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. பர்மியத்தில் ஆரம்பித்தவள், அம்மாவுக்கு உறைக்க வேண்டுமென்று தமிழுக்கு மாறினாள். "புதுப் பல்ல யாருக்கும் காட்டாதம்மா. வக்கீல் என்ன சொன்னாரு? ரெண்டு மாசம், அம்மா. ரெண்டே மாசம்."

"மழ ரெண்டு மாசம் நிக்குமா?"

"வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டுக் காட்டு."

"யாரு யாருகிட்ட வாங்குறது? வார்க்கிறவன், அரம் போட்டு ராவுறவன், பாலிஷ் போடுறவன், எல்லாந்தான் பாப்பான். பூட்டி வச்சுட்டுச் செய்ற சாமானா இது?"

ரோஸ்லின் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆன்மேரி தலையணை உறையோடு கப்பியைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு லத்தாவுக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததை ஜாபிரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருவரும் சொல்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்த ஜாபிர், முந்திக்கொண்டு, "அக்கா, உங்க பெரியவரு பேட்டண்டு முடிஞ்சு எந்தக் காலமோ ஆச்சு. அத யாரு வேணா செய்யலாம். நான் விசாரிச்சுட்டுத்தான் செஞ்சேன்" என்றார்.

"ஆமா பாய். பதினாலோ பதினாறோ வருஷம் நம்மளுது, அப்புறம் ஊருக்கு. நான் இல்லன்னு சொல்லல."

"பின்ன என்ன?"

"ஊருக்குன்னா சும்மா குடுக்கல. எப்படிச் செய்றதுன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுத்தாத்தான் பேட்டண்டு. நார்க் கயித்துக்குன்னு எங்க பெரியவரு எழுதியிருக்காரு. நீங்க நைலான இனாமாக் குடுத்திருக்கீங்க."

விபத்து நடந்த நாளிலிருந்து தான் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஜாபிர் என்னிடம் சொன்னார். ஹாஜராவின் மருத்துவமனைச் செலவை அவர்தான் ஏற்றார் என்பது தெருவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆன்மேரி பையிலிருந்து கப்பியை எடுத்து, உறையை உருவி, மேசையில் வைத்தார். பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வரிகளின் சாய்வையும் நடுப் பள்ளத்தையும் விரலால் தடவிக் காட்டினார். முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடும் கயிறு போட்டால் பல்லையும் திருப்பி வெட்ட வேண்டும் என்றார். ஜாபிர் வார்ப்புப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னும் இருவரைக் கூட்டிவந்தார். மத்தியானத்துக்குள் அந்தப் பல்லை அந்தச் சந்தில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

"எனக்கு ஏன் குடுக்குறீங்க?" என்று ஜாபிர் கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கா குடுக்குறேன்? உங்க சாமானுக்குக் குடுக்குறேன்" என்றாராம் இவர்.

அடுத்த சில மாதங்கள் மழையோடு மழையாக ஆன்மேரி பசுந்தாங்கின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினார். ஜாபிர் புதுப் பற்களை வார்த்து அனுப்ப அனுப்ப, பால்கனி பால்கனியாகப் போய் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். சிலர் வேண்டாம் என்றார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. அந்த வீடுகளின் கீழே நின்று, கதவு திறக்கும்வரை பெயர் சொல்லாமல் அடிக் கணக்கைச் சொல்லிக் கூப்பிட்டார். கார்த்திகை பிறப்பதற்குள் தெருவில் பழைய பல் இருக்கும் கப்பி ஒன்றுகூட இல்லை என்று அவர் சொல்கிறார். நான் சரிபார்க்கவில்லை.

பேட்டண்ட் விண்ணப்பம் அதோடு நின்றது. வக்கீல் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரோஸ்லின் அம்மாவோடு பேசாமல் இருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டும்போது கத்தி எங்கே என்று கேட்டாள், அதிலிருந்து பேச்சு வந்துவிட்டது. ஹாஜரா பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். இடது கை தோளுக்கு மேல் ஏறுவதில்லை. மாவை வலது கையால் தட்டுகிறார். ஆன்மேரியின் கப்பியை இப்போது யாரும் வாங்குவதில்லை, ஜாபிருடையதே நன்றாக இருக்கிறது. இவர் அதை மாட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்.

வருத்தம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "யாபாதே" என்றார் முதலில். பரவாயில்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை. பிறகு திருப்புளியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போட்டார். "இல்லன்னு சொன்னா பொய்யி. எங்க குடும்பத்துல ரெண்டாவதா ஒரு பேரு காயிதத்துல வந்திருக்கும். பொம்பள பேரு."

புதுச் சரக்கு வார்த்து வரும் ஒவ்வொரு முறையும் ஜாபிர் அவருக்கு ஃபோன் செய்கிறார். போன மாதம் நானும் கூடப் போனேன். லத்தாவில் கடைக்குப் பின்னால் உயரமான கிடங்கு. ஆன்மேரி பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு கப்பியை எடுத்தார். உத்தரத்துக் கொக்கியில் மாட்டச் சொன்னார். நைலான் கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, அதன் நுனியில் அரிசி மூட்டையைக் கட்டினார். இரண்டு பேர் இழுக்க, மூட்டை கூரைக்குப் பக்கத்தில் போய் ஆடியது.

"விடுங்க" என்றார்.

இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சுவரோரம் போனார்கள். பல் கவ்வியது, மூட்டை மேலேயே நின்றது. ஜாபிரும் வாசல் பக்கம் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். ஆன்மேரி நடந்து போய் மூட்டைக்கு நேர் கீழே நின்றார். ஈரக் கயிற்றிலிருந்து அவர் தோளில் தண்ணீர் சொட்டியது. வேலைக்கு நடுவே கொண்டை அவிழ்ந்திருந்தது போலும். ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், நிதானமாக முடியைச் சுற்றி முடிய ஆரம்பித்தார்.