ஆறு மணி மேளம்

கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மோட்டாரில் அடிக்கும் மேளத்தைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சட்டம், ஒரு முரசு, ஒரு மணி, ஒரு ஜோடி தாளம். சுவிட்சைப் போட்டால் எல்லாம் சேர்ந்து காதைப் பிளக்கும். கடையில் வாங்கும் மேளத்துக்குத் தெரிந்தது ஒரே அடிதான். அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலில்தான் நானே மேளம் செய்ய ஆரம்பித்தேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் வேகும் சூளைக்கு வயரிங் பார்ப்பது. வீட்டுக்கு வந்தால் மேள வேலை. பல் சக்கரத்தை நானே அரத்தால் ராவி அடிகளின் இடைவெளியை மாற்றுவேன். குச்சி நுனியில் தோல் சுற்றிச் சத்தத்தை மெத்தென்று ஆக்குவேன். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குச் செய்த மேளத்தில் இன்னும் ஒருபடி மேலே போனேன். சூளையில் கோணிப்போய் ஒதுக்கிய ஐந்து பீங்கான் கிண்ணங்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிச் சுத்தியல் வைத்தேன். வேகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சர்க்யூட் போர்டு. கிண்ணங்கள் மெதுவாகத் தொடங்கும், முரசு பின்னால் துரத்திக்கொண்டு வரும், இரண்டாவது நிமிஷம் மணியும் தாளமும் சேர்ந்து உச்சத்தில் நிற்கும். முதல் நாள் தெருவே கைதட்டியது. சாமிக்கு இல்லை, எனக்கு. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயிலுக்குப் பூஜை செய்பவர் அறுபதைத் தாண்டிய ஒரு குருக்கள். கருவேப்பிலங்குறிச்சியிலும் ஒரு கோயில் பார்த்தார். வண்டியில் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று ஓடுவார். பழைய சூளைப் பேனலில் கழற்றிய ஒரு டைமர் என்னிடம் இருந்தது. கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் நேரத்தை மறக்காத டைமர். அதை மேளத்தில் பொருத்தி, சுவிட்ச் அணைந்திருந்தாலும் மாலை ஆறு மணிக்குத் தானாக அடிக்கும்படி செய்து அவரிடம் காட்டினேன்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா தீபாராதனைக்குத்தான் மேளம். மேளம் அடிக்கறதேன்னு நான் தீபாராதனை காட்ட ஓடி வரணுமா? டைமர் வேண்டாம். சுவிட்ச் போதும்."

"சரிங்க சாமி, கழட்டிடுறேன்" என்றேன். கழற்றவில்லை.

ஏன் கழற்றவில்லை என்று இன்றைக்குக் கேட்டால், திமிர் என்றுதான் சொல்வேன். அவர் தினமும் ஆறுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் அன்றைக்கு டைமர் வேலை செய்யாது. என்றைக்காவது அவர் தாமதமாக வருவார், மேளம் தானாக அடிக்கும், அசந்துபோய் என்னைத் தேடுவார் என்று ஆசைப்பட்டுக் காத்திருந்தேன். கோயிலையே பூட்டிவைக்கும் நாள் ஒன்று வரும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டே வாரத்தில் அது வந்தது. கோயிலுக்கு நேர் எதிர் வீட்டுக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், கம்மாபுரம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து இறந்துபோனார். தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் திறப்பதில்லை. செய்தி வந்த காலையிலேயே குருக்கள் கோயிலைப் பூட்டிச் சாவியோடு கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வர நாலு மணி ஆனது. சாமியானாவுக்குக் கீழே பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர் மனைவி பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, அழ முடியாமல் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். பறை அடித்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தூக்கப்போகிறோம் என்று யாரோ சொன்னார்கள். மணி ஆறு.

முதலில் கிண்ணங்கள். கிணிங் கிணிங்கென்று, கல்யாண வீட்டில் அடிக்கிற மாதிரி. பிறகு முரசு. பூட்டிய கோயிலுக்குள்ளிருந்து, எதிரே கிடந்த பிணத்தைப் பார்த்து என் மேளம் குதித்துக்கொண்டு அடித்தது. நான் ராவி ராவிச் சேர்த்த ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் தலையைத் தூக்கிக் கோயிலைப் பார்த்தாள்.

"யாருக்கு இப்ப தீபாராதனை காட்டுறாங்க?" என்று கேட்டாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஆட்கள் ஓடிக் கதவை உலுக்கினார்கள். மீட்டர் பெட்டி வெளிச் சுவரில் இருந்தது. நான் ஓடிப்போய் ஃப்யூஸைப் பிடுங்கினேன். அதற்குள் மேளம் உச்சத்துக்குப் போயிருந்தது. "நல்லவேள, நீங்க இருந்தீங்க" என்று ஒருவர் என் தோளைத் தட்டினார். "எப்படிங்க தானா அடிச்சிது?" என்றார் இன்னொருவர். வாய் தானாகத் திறந்தது.

"காலையில கரண்ட் போச்சில்ல? சாமி சுவிட்ச அணைக்காம பூட்டிட்டுப் போயிருப்பாரு. இப்ப கரண்டு வந்திருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எலக்ட்ரீஷியன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். மின்சாரம் மதியமே வந்துவிட்டது என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

மறுநாள் விடியற்காலையில் குருக்கள் கோயிலைக் கழுவ வந்தார். தெரு ஆட்கள் சுற்றிக்கொண்டு ஏசினார்கள். "அணைச்சேனே" என்றார். பிறகு, "அணைச்சேன்னுதான் நெனக்கறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கோ. அணைக்காம விட்டா இப்படி ஆகுமா?"

"ஆகும் சாமி."

அதில் பொய் இல்லை. அணைக்காமல் விட்டால் ஆகத்தான் ஆகும். இப்படிப்பட்ட சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர் எதிர் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்று, தன் மகள் வயதுப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பி, "தப்பு பண்ணிட்டேம்மா" என்று அழுதார். அவள் "விடுங்க சாமி" என்றாள். அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் டைமரைக் கழற்றி, தொழிற்கூடத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். குருக்களுக்கு முடியவில்லை. பூட்டிவிட்டுப் போனவர் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார், கதவைத் திறந்து சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் அர்ச்சனைக்கு நடுவில் நிறுத்தி, "சங்கல்பம் சொன்னேனோ?" என்று என்னையே கேட்டார். சொல்லியிருந்தார். இன்னொரு நாள் அவர் வராமல் அவர் மனைவி வந்து விளக்கேற்றினார். டாக்டரிடம் காட்டப் போயிருக்கிறாராம். மறதி வியாதியோ என்று பயமாம். கருவேப்பிலங்குறிச்சிக் கோயிலை, தப்பு நடப்பதற்கு முன்னால் விட்டுவிடுவது நல்லது என்று அவரே விட்டுவிட்டாராம். மாமி இதைச் சொன்னபோது நான் மேளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. டம்ளரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டைமரைக் கழற்றாதது, கரண்ட் கதை, "ஆகும் சாமி" என்றது, எல்லாம். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றவர் உள்ளே பார்த்துக் கத்தினார். "இங்க வா! இவர் சொல்றதக் கேளு!"

மாமியிடம் மறுபடி சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் குருக்கள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நான் அணைச்சிருக்கேன்! எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்றுகூடச் சொன்னார். அப்படியே போனை எடுத்துக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பேசினார். "எனக்கு மறதியெல்லாம் இல்லையாம், நாளைக்கே வரேன்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "ஓ, வேற ஒருத்தர் வந்துட்டாரா. சரி சரி. நன்னாப் பண்ணட்டும்" என்று போனை வைத்தார். மாமி, நான் தொடாத காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் எதிர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் கேட்டுக்கு உள்ளே நின்றபடி முழுவதையும் கேட்டாள். மேளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாமி இங்க வந்து அழுதாரே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அவர் பின்னாடிதான் நின்னேன்" என்றேன்.